‘ஆல்மோஸ்ட் ஃபேமஸ்’: லெஸ்டர் சொன்னதைப் படம் எடுத்தவரே கேட்கவில்லையே?

ஊசிமுனை

கேமரன் குரோவின் ‘ஆல்மோஸ்ட் ஃபேமஸ்’ (2000) எனக்கு ரொம்பப் பிடித்த படம். பிடித்ததால்தான் இந்த வம்பு.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கம். குரோ தன் சொந்த அனுபவத்தை வைத்து எடுத்த கதை. 1973, அமெரிக்கா. சான் டியேகோவில் அம்மாவின் கண்டிப்பில் வளரும் 15 வயது வில்லியம் மில்லர் ராக் இசை பற்றி எழுதுகிறான். ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகைக்காரர்கள் ஆளின் வயது தெரியாமலே போனில் கூப்பிடுகிறார்கள். ஸ்டில்வாட்டர் என்ற வளரும் குழுவோடு ஊர் ஊராகப் போய் 3,000 சொற்களில் ஒரு கட்டுரை கொடு, 1,000 டாலர் தருகிறோம் என்கிறார்கள். பையன் குரலைக் கட்டையாக்கிக்கொண்டு சரி சொல்லிவிட்டுப் பஸ் ஏறுகிறான்.

கிளம்புவதற்கு முன்பே ராக் விமர்சகர் லெஸ்டர் பேங்ஸ் (பிலிப் சீமோர் ஹாஃப்மன்) அவனை எச்சரித்துவிடுகிறார். இவர்களோடு சினேகம் வைக்காதே. குடிக்க வாங்கித் தருவார்கள், பெண்களை அறிமுகப்படுத்துவார்கள், ஓசியில் ஊர் சுற்றிக் காட்டுவார்கள். எல்லாம் நீ அவர்களைப் பற்றி நல்லபடியாக நாலு வரி எழுதத்தான். மொத்தப் படமும் இந்தப் பேச்சின் மேல்தான் நிற்கிறது.

இப்போது படம் எப்படி உருவானது என்று பாருங்கள். லெட் செப்பலின் தன் பாட்டுகளைச் சினிமாவுக்கு லேசில் தராத பிரிட்டிஷ் ராக் குழு. குரோ லண்டனுக்குப் படத்தை எடுத்துப் போய், அந்தக் குழுவின் ஜிம்மி பேஜுக்கும் ராபர்ட் பிளான்டுக்கும் போட்டுக் காட்டி அனுமதி வாங்கினார். ஸ்டில்வாட்டர் பாடும் பாட்டுகளுக்குப் பின்னால் இருப்பது ஹார்ட் குழுவின் நான்சி வில்சனும் கிதார் கலைஞர் பீட்டர் பிராம்ப்டனும். நடிகர்கள் மேடையில் ஒரு குழு மாதிரி நிற்க வாரக்கணக்கில் பழக்கியதும் இவர்கள்தான். நான்சி அப்போது குரோவின் மனைவி. சினேகம் வைக்காதே என்ற அறிவுரையைக் கேட்டு வளர்ந்த பையன் ராக் நட்சத்திரத்தையே கட்டிக்கொண்டார்!

ஆக, லெஸ்டரின் பேச்சைக் குரோ கேட்டிருந்தால் இந்தப் படமே கிடையாது. அப்படியிருக்க, படம் அந்தப் பேச்சை வேதவாக்காக வைப்பது நேர்மையா?

குட்டிச்சுவர்

கல்யாண மேட்டர் செம அடி. நான் படத்தை பாட்டுக்காக மட்டும் பார்க்கிற கட்சி. நீங்க பேசுங்க, ஓரமா உட்கார்ந்து கேட்கிறேன்.

பக்கம்40

ஊசிமுனை, லெஸ்டர் வேதவாக்கு சொன்னார் என்று படம் எங்கே சொல்கிறது? அந்த ஆள் ராத்திரி இரண்டு மணிக்கும் வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பவர். பையன் போன் பண்ணும்போது, ‘நான் எப்பவும் வீட்லதான் இருப்பேன், நான்தான் கெத்து இல்லாத ஆளாச்சே’ என்கிறார். அவர் சொன்ன வழியில் போனால் என்ன கதி என்பதும் அந்த அறையிலேயே தெரிகிறது.

நிஜ லெஸ்டரும் அப்படித்தான். கேன்ட் ஹீட் குழுவின் ஆல்பத்தை வெளுத்து எழுதினார், இசைக்கலைஞர்களை மதிக்கவில்லை என்று 1973ல் ‘ரோலிங் ஸ்டோன்’ அவரைக் கழற்றிவிட்டது. ‘கிரீம்’ பத்திரிகைக்காகப் பாடகர் லூ ரீடுடன் சண்டை போட்டுக்கொண்டே பேட்டி எடுத்தார். 1982ல் 33 வயதில் இறந்துபோனார். குரோ தேர்ந்தெடுத்தது வேறு வழி. தனக்கு ஒத்துவராத அறிவுரையைக்கூட, சொன்னவர் மேல் உள்ள மரியாதையில் அப்படியே பதிவுசெய்திருக்கிறார். எனக்கு அதில் நேர்மைக் குறைவு எதுவும் தெரியவில்லை.

ஊசிமுனை

மரியாதை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் குரோவின் வேறு வழி என்னவென்று பார்த்தால் என் சந்தேகம் கூடுகிறது. லெட் செப்பலினின் முதல் ஆல்பத்தையே 1969ல் ‘ரோலிங் ஸ்டோன்’ கிழித்துத் தொங்கவிட்டது. அந்தக் கோபத்தில் குழு வெகுகாலம் அந்தப் பத்திரிகைக்கு முகமே கொடுக்கவில்லை. 1975ல் அந்தப் பகையை உடைத்து அட்டைப்படப் பேட்டியோடு வந்தது 17 வயதுக் குரோ. எப்படி முடிந்தது? அவர் விமர்சகர் இல்லை, ரசிகர். இவன் நம்ம பையன் என்று அவர்கள் நம்பினார்கள். லெஸ்டர் பயந்தது இதற்குத்தான்.

மெய்ப்பு

நான் சினிமா வாரப் பத்திரிகை ஒன்றில் உதவி ஆசிரியராகக் குப்பை கொட்டியவன். நட்பா இல்லையா என்பதல்ல படத்தின் கேள்வி என்று தோன்றுகிறது. எழுதியதை யார் சரிபார்ப்பது? என்னைக் கேட்டால் படத்தின் முக்கியமான பாத்திரம் இரண்டு மூன்று நிமிடமே வரும் அலிசன், ‘ரோலிங் ஸ்டோன்’ அலுவலகத்தில் தகவல் சரிபார்க்கும் பெண்.

வரிசையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பையன் முதலில் கொண்டுபோன கட்டுரை வெறும் ஜால்ரா. ஆசிரியர் குழு முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுகிறது. ராத்திரி லெஸ்டருக்குப் போன், அதன்பின் உள்ளதை உள்ளபடி எழுதுகிறான். எல்லோரும் அசந்துபோகிறார்கள். அடுத்து அலிசன் தொலைபேசியை எடுத்துக் குழுவைக் கூப்பிட்டு, இன்ன இன்ன நடந்ததா என்று கேட்கிறார். பாதிக்கு மேல் பொய் என்று கிதார்காரன் ரஸ்ஸல் சொல்லிவிட்டான். அவ்வளவுதான், கட்டுரை செத்தது. யாரும் பையனை விசாரிக்கவில்லை. ஒரே நிமிடத்தில் அவன் மேதையிலிருந்து புளுகன் ஆகிவிட்டான்.

அந்தக் காட்சியின் கொடூரம் என்னவென்றால், அலிசன் செய்தது நூற்றுக்கு நூறு சரி. நான் வேலை பார்த்த இடத்தில் அப்படி ஒரு மேசையே கிடையாது. நடிகர் தரப்பில் போன் வந்தால் பத்தி காணாமல் போகும், வராவிட்டால் அச்சாகும். அதனால் எனக்கு லெஸ்டரின் தத்துவத்தைவிட அந்தப் பெண்ணின் போன்தான் பத்திரிகைத் தொழிலாகத் தெரிகிறது. ஆனால் ரசிகர்கள் அவரை வில்லி மாதிரிப் பேசுகிறார்கள்!

பக்கம்40

மெய்ப்பு சொன்னதோடு நிஜத்தில் நடந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1973ல் குரோ போனது ஆல்மன் பிரதர்ஸ் குழுவோடு. 1971ல் அந்தக் குழுவில் கிதார் வாசித்த டுவேன் ஆல்மன் மோட்டார் சைக்கிள் விபத்தில் போய்விட்டார். மறு வருஷமே பேஸ் வாசித்த பெரி ஓக்லியும் அதேபோல் விபத்தில். தம்பி கிரெக் ஆல்மன் அந்தத் துக்கத்தில் இருந்த நேரம். பல நாள் மனம்விட்டுப் பேசிவிட்டு, கடைசியில் திடீரென்று சந்தேகம் வந்து, ‘நீ போலீஸ் ஆளா, உன் வயசு என்ன’ என்று குரோவை மடக்கி, பேட்டி எடுத்த டேப்புகளையெல்லாம் பிடுங்கி வைத்துக்கொண்டார். டேப் இல்லையென்றால் கட்டுரை இல்லை. பிறகு மனம் மாறித் திருப்பித் தந்தார். அந்த டிசம்பரிலேயே அட்டைப்படக் கட்டுரையாக வந்தது. அப்போது குரோவுக்கு வயது 16.

படத்தில் டேப்புக்குப் பதில் ‘பொய்’ என்ற ஒரு சொல். எனக்கு டேப் கதைதான் பயங்கரமாகப் படுகிறது. பேசியவர் மனசு வைத்தால்தான் எழுத்தாளனுக்கு வாழ்வு என்பதைக் கண்ணுக்கு நேராகக் காட்டும்.

வடலி

ஆம்பிளையள் எல்லாரும் கட்டுரையைப் பற்றியே கதைக்கிறியள். குழுவோட ஊர் ஊராத் திரியிற ரசிகை, பென்னி லேன் எண்டொரு பெட்டை உந்தப் படத்தில இருக்கிறா, மறந்து போனியளோ?

எனக்கெண்டா படம் நிக்கிறது ஒரு இடத்திலதான். சீட்டாட்டத்தில ஸ்டில்வாட்டர் ஆக்கள் அவவை ஹம்பிள் பை குழுவுக்கு 50 டொலருக்கும் ஒரு பெட்டி பியருக்கும் வித்துப்போட்டினம். அவவுக்குத் தெரியாது. ரஸ்ஸல் தன்னை விரும்புறான் எண்டு நம்பிக்கொண்டு நியூயோர்க்குக்குப் போகப் பாக்கிறா. பெடியன் பொறுக்கேலாமல் அதைச் சொல்லிப்போடுறான். கேட் ஹட்சன் அதில என்ன செய்யிறா எண்டு பாருங்கோ. அழுது குளறேல்லை. முகத்தை மற்றப்பக்கம் திருப்பி, கண்ணைத் துடைச்சு, பேந்து சிரிச்சுக்கொண்டு திரும்பி, என்ன பியர் எண்டு கேக்கிறா. அவ்வளவுதான். விலை குறைஞ்சுபோச்சோ எண்ட மாதிரி ஒரு பகிடி. அந்தச் சிரிப்பில உதடு லேசா நடுங்குறது தெரியும்.

அந்த ஆண்டு துணை நடிகைக்கான ஒஸ்கார் அவவுக்குக் கிடைக்கேல்லை. அம்மாவா நடிச்ச பிரான்சிஸ் மக்டோர்மண்டும் அதே பிரிவில, அவவுக்கும் இல்லை. குரோவுக்குத் திரைக்கதைக்குக் குடுத்தினம்.

என்ரை கேள்வி இதுதான். பெடியன் உள்ளதை உள்ளபடி எழுதினவன் எண்டு சொல்லுறியள். அந்த 50 டொலர் கதை கட்டுரையில வந்ததோ? படம் அதைக் காட்டவே இல்லை.

மெய்ப்பு

வடலி அக்கா, சாட்டையடி. நான் அந்தக் கோணத்தில் யோசிக்கவே இல்லை. நமக்குத் தெரிவது விமானம் பற்றிய தொடக்கம் மட்டும்தான். விமானம் விழப்போகிறது என்று நினைத்து எல்லோரும் அவரவர் ரகசியத்தைக் கக்கும் அந்த இடம்.

வடலி

ஓம். அதே விமானத்திலதான் பெடியன் முதன்முதலாச் சத்தம் போட்டுக் கதைக்கிறான். அவள் உங்கடை ரசிகை, அவளைப் பாவிச்சுப்போட்டுத் தூக்கி எறிஞ்சியள், அவள் செத்திருப்பாள் எண்டு. அது நியூயோர்க் ஹோட்டலில அவ மாத்திரையளைப் போட்டுக்கொண்டு கிடந்ததுக்குப் பிறகு. ஆனா சாகப்போறம் எண்ட நேரத்திலதான் அந்த வாய் திறக்குது. அச்சில வந்திருந்தா அதுதான் உண்மையான கட்டுரை. படத்தில தன்ரை வயது 16 எண்டு பென்னி ஒருக்காச் சொல்லுறா. அதைக் கேட்டும் படம் அவவை ஒரு தேவதை மாதிரியே பாக்குது. இது 1973 ஆக்களின்ரை கண்ணோ, 2000ஆம் ஆண்டுக் குரோவின்ரை கண்ணோ எண்டு எனக்கு விளங்கேல்லை.

குட்டிச்சுவர்

ஓரமா உட்கார முடியலை, வந்துட்டேன். இவ்வளவு கோர்ட் கேஸ் நடத்துறீங்களே, பஸ்ஸில் ‘டைனி டான்சர்’ பாடுவாங்களே, அதைப் பத்தி ஒருத்தரும் வாயே திறக்கலை! முந்தின ராத்திரி சண்டை, ரஸ்ஸல் யாரோ ஒரு வீட்டுப் பார்ட்டிக்குப் போய் கூரை மேலேர்ந்து நீச்சல் குளத்துல குதிச்சுட்டு வர்றான். பஸ்ல ஒருத்தரும் ஒருத்தர் முகத்தைப் பார்க்கலை. எல்டன் ஜான் பாட்டு ஓடுது. டிரம்மர் தாளம் போடுறான், ஒருத்தன் முணுமுணுக்கிறான், அப்புறம் பஸ்ஸே பாடுது. மன்னிப்பு கேட்காமலே எல்லாம் சரியாப்போச்சு. பாட்டு வந்தப்போ அமெரிக்க பில்போர்டு பட்டியல்ல 41க்கு மேல ஏறலை. இந்தப் படத்துக்கு அப்புறம் எல்டன் ஜான்னாலே நிறைய பேருக்கு அதான் ஞாபகம் வருது. இதெல்லாம் உங்க கண்ணுக்குத் தெரியாதா?

ஊசிமுனை

தெரிகிறது குட்டிச்சுவர். அதுதான் படத்திலேயே ஆபத்தான காட்சி என்கிறேன்.

கவனியுங்கள். அந்தப் பாட்டின் நடுவில்தான் வில்லியம், ‘நான் வீட்டுக்குப் போகணும்’ என்கிறான். பென்னி அவன் முகத்துக்கு நேரே கையை வீசி, ‘நீ வீட்டில்தான் இருக்கிறாய்’ என்கிறாள். முடிந்தது கதை. லெஸ்டர் சொன்ன சாராயமும் பெண்ணும் அவனை வாங்கவில்லை. ஒரு பஸ் நிறைய மனிதர்கள் ஒரே பாட்டைப் பாடி, அதில் அவனுக்கும் இடம் கொடுத்ததுதான் வாங்கியது. அந்த நிமிடத்துக்கு அப்புறம் அவன் முதல் கட்டுரை ஜால்ராவாகத்தானே வரும்? குரோ இதைத் தெரிந்தே செய்திருந்தால் பெரிய கலைஞர். நாமும் அந்தப் பஸ்ஸில் ஏறிப் பாடுகிறோம், நம் கண்ணும் மங்கிவிடுகிறது. ஆனால் தெரிந்து செய்தாரா, அவரே மயங்கிவிட்டாரா என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

பக்கம்40

தெரிந்துதான் செய்தார். ஆதாரம், டி-ஷர்ட் காட்சி. குழுவின் முதல் டி-ஷர்ட் அச்சாகி வருகிறது. அட்டைப்பெட்டியைத் திறந்து எல்லோரும் ஆவலாக எடுத்துப் பார்த்தால், ரஸ்ஸல் மட்டும் பளிச்சென்று முன்னால், மற்ற மூன்று பேரும் பின்னால் மங்கலாக. பாடகன் ஜெஃப் பெபி (ஜேசன் லீ) குதிக்கிறான், நான் மங்கலான ஆட்களில் ஒருத்தனா என்று. சிரிப்புக் காட்சிதான். ஆனால் பையன் ரெக்கார்டரோடு அங்கேயே நிற்கிறான். எழுத வந்தவன் பக்கத்தில் நிற்கிறான் என்ற கவலையே இல்லாமல் வீட்டுச் சண்டையை விரித்துப் போடுகிறார்கள். நட்பு இல்லாவிட்டால் அந்தக் காட்சி கிடைக்காது, எழுதினால் நட்பு மிஞ்சாது. குரோவுக்கு இந்த முடிச்சு அத்துப்படி.

இன்னொன்றும் உண்டு. கூடவே இருந்து எழுதும் விஷயத்தில் குரோ ஆரம்பத்திலிருந்தே துணிச்சலான ஆள். சான் டியேகோவில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் மாணவன் மாதிரி சேர்ந்து, கூடப் படித்தவர்களிடம் தான் யார் என்று சொல்லாமலே வருஷம் முழுக்க இருந்து எழுதிய புத்தகம்தான் ‘ஃபாஸ்ட் டைம்ஸ் அட் ரிட்ஜ்மான்ட் ஹை’. 1981ல் வந்தது, அடுத்த வருஷம் படமானது. அந்தப் பிள்ளைகளும் இவர் நம்ம பையன் என்றுதானே நம்பியிருப்பார்கள்?

மெய்ப்பு

அடப்பாவி, இது ஊசிமுனை பக்கத்துக்குக் கோல் போடுற மாதிரி இருக்கே.

பக்கம்40

போகட்டும். எந்தப் பக்கத்துக்கும் போடலாம்.

சாம்பார்ராக்

இழையை இப்போதான் பார்த்தேன். அம்மாவை விட்டுட்டீங்க. ரஸ்ஸல் போனைப் பிடுங்கி, ‘கவலைப்படாதீங்க ஆன்ட்டி’ங்கிற தோரணைல ஜாலியா பேச ஆரம்பிப்பான். மெக்டார்மண்ட் ஒரே மூச்சில் ஆளைத் தரையில உட்கார வெச்சிடுவாங்க. என் பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன்னைச் சும்மா விட மாட்டேன்ங்கிறது ஒரு பக்கம், ஜெர்மன் கவிஞர் கதே சொன்னதை எடுத்து விட்டு, நீ திருந்த இன்னும் நேரம் இருக்குங்கிறது இன்னொரு பக்கம். பெரிய ராக் ஸ்டார் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி ‘யெஸ் மேம்’னு நிப்பான். குழு மொத்தத்தையும் அடக்க மேனேஜராலயும் முடியலை, லெஸ்டராலயும் முடியலை, போன்ல ஒரு வாத்தியாரம்மாவால முடிஞ்சுது.

குரோவோட அம்மா ஆலிஸும் டீச்சர்தான். இந்தப் படத்தை மேடை இசை நாடகமா 2019ல சான் டியேகோவோட ஓல்டு குளோப் தியேட்டர்ல போட்டாங்க. தொடங்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஆலிஸ் இறந்துட்டாங்க.

வடலி

அந்த அம்மாதான் படத்தில நேர்மையான பத்திரிகையாளர் எண்டு சொல்லுவன். ஆரையும் தெரியாது, ஆரிட்டையும் ஒண்டும் வாங்கேல்லை, கேக்க வேண்டினதைக் கேக்கிறா.

ஊசிமுனை

நன்றாகச் சொன்னீர்கள் வடலி. முடிவிலும் பாருங்கள், ரஸ்ஸல் பென்னியின் வீடு என்று நினைத்து வந்து கதவைத் தட்ட, திறப்பது இந்த அம்மா. பென்னி வேண்டுமென்றே வில்லியம் வீட்டு முகவரியைக் கொடுத்திருக்கிறாள். அப்புறம்தான் படம் முழுக்கத் தள்ளிப்போன பேட்டி நடக்கிறது. இசையில் உனக்கு என்ன பிடிக்கும் என்று பையன் கேட்க, ரஸ்ஸல் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, எல்லாமே என்று ஆரம்பிக்கிறான்.

என் கடைசிக் குறை அங்கேதான். அதற்குள் ரஸ்ஸலே பத்திரிகைக்குப் போன் பண்ணிக் கட்டுரை உண்மை என்று சொல்லிவிட்டான். நட்சத்திரம் மனம் திருந்தியதால் உண்மை அச்சேறியது. கிரெக் ஆல்மன் டேப்பைத் திருப்பிக் கொடுத்த மாதிரி. பையன் தன் கையில் இருந்த குறிப்புகளை வைத்தோ, பஸ்ஸிலும் விமானத்திலும் கூட இருந்த யாரையாவது சாட்சி சொல்ல வைத்தோ கட்டுரையை நிறுத்திக் காட்டியிருந்தால் அது வேறு படம்.

மெய்ப்பு

அந்த வேறு படத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். இதற்கே சுமார் 60 மில்லியன் டாலர் செலவு, உலகம் முழுக்கச் சேர்த்து 47 மில்லியன்தான் வசூல். தொழில் தெரிந்தவனாகச் சொல்கிறேன், நிஜத்திலும் பாதி நேரம் அப்படித்தான். பேசியவர் ‘ஆமாம், சொன்னேன்’ என்று ஒப்புக்கொண்டால்தான் நமக்கு உயிர். மீதிப் பாதிக்குத்தான் குறிப்பேடு.

குட்டிச்சுவர்

சரி, இவ்வளவு படிச்சதும் திரும்பப் பார்க்கணும் போல இருக்கு. இரண்டு வெர்ஷன் இருக்குங்கிறாங்களே, எதைப் பார்க்கறது?

சாம்பார்ராக்

தியேட்டர்ல வந்தது 122 நிமிஷம். ‘அன்டைட்டில்டு’ங்கிற பேர்ல குரோ வெளியிட்ட நீளமான வெர்ஷன் 162. முதல் தடவை பார்க்கிறவங்க சின்னதைப் பாருங்க, இறுக்கமா இருக்கும். நீங்க பாட்டுக் கட்சி, அதனால பெருசு. ரேடியோ ஸ்டேஷன்ல குழு உட்கார்ந்து பேசிட்டிருக்கும்போதே அறிவிப்பாளர் போதையில தூங்கிப்போற காட்சி அதுலதான் முழுசா இருக்கு.

டிஸ்க் கிடைச்சா கூடுதல் காட்சிகள்ல ஒண்ணைத் தவறவிடாதீங்க. ராக் இசை ஒண்ணும் கெட்டது இல்லைன்னு அம்மாவுக்குப் புரியவைக்க, வில்லியம் ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ பாட்டை முழுசா போட்டுக் கேட்க வைப்பான். லெட் செப்பலின் மத்த பாட்டுகளைக் கொடுத்தாங்க, இதை மட்டும் கொடுக்கலை. அதனால காட்சி ஊமையா இருக்கும். எப்போ ஆரம்பிக்கணும்னு திரையிலயே குறிப்பு வரும், நீங்க உங்க கிட்ட இருக்கிற பாட்டைப் போட்டுக்கணும். எட்டு நிமிஷம். ஒரு நொடி பிந்தினாலும் தாளம் ஒட்டாது, அதனால போனை முன்னாடியே தயாரா வெச்சுக்கோங்க. விளம்பரம் வராத ஆப்பா இருக்கட்டும்.